வேலை முடிந்து கலைந்த கட்சியின் காகிதங்கள்

பெறுநர்:
தமிழ்நாடு ஆவணக் காப்பகங்கள் மற்றும் வரலாற்று ஆராய்ச்சித் துறை, எழும்பூர்
தமிழ் வளர்ச்சித் துறை
கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாகர்கோவில்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று நாகர்கோவிலில் தெற்கெல்லைப் போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணிக்கு மாலை அணிவிக்கப்படுகிறது. ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையில் 1954இல் சுடப்பட்டவர்களை ஊர் நினைக்கிறது. 2021இல் நவம்பர் 1ஐ எல்லைப் போராட்டத் தியாகிகள் நாள் என்று அரசே அறிவித்தது. மனம் நிறைந்த செயல் அது. ஆனால் இந்த இரண்டு நாள்களுக்கும் காரணமான, திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்னும் கட்சியின் செயற்குழுக் குறிப்பேடு, உறுப்பினர் பதிவேடு, நிதிக் கணக்கு, கடிதப் போக்குவரத்து எங்கே என்று ஒரு மாணவர் கேட்டால், "இங்கே போய்ப் பாருங்கள்" என்று ஒரு முகவரியைச் சொல்ல நம்மால் முடியவில்லை. அதைச் சரிசெய்யும்படி கேட்கவே இந்தத் திறந்த மடல். எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

காகிதம் சிதறியதற்குக் காரணம் கட்சியின் வெற்றிதான். உயிரோடிருக்கும் கட்சிக்கு அலுவலகமும் அலமாரியும் இருக்கும். தோற்ற கட்சியிலும் கோபத்தோடு நாலு பேர் பழைய கட்டுகளைக் காத்து வைத்திருப்பார்கள். இந்தக் கட்சி 1956 நவம்பர் 1 அன்று தான் கேட்டதில் ஏறத்தாழப் பாதியைப் பெற்றது. அடுத்த ஆண்டுத் தேர்தலுக்குள் இந்திய தேசிய காங்கிரசில் கலந்துவிட்டது. 1957இல் கிள்ளியூரில் நேசமணி சட்டமன்றத்துக்கும், நாகர்கோவிலில் தாணுலிங்க நாடார் மக்களவைக்கும் காங்கிரஸ்காரர்களாகவே தேர்வானார்கள். கட்சி அலுவலகம் என்று ஒன்று தேவைப்படாமல் போனது. காகிதங்கள் அவரவர் வீட்டுப் பரணுக்கும் டிரங்குப் பெட்டிக்கும் போயின. வாரிசு இல்லாத சொத்துக்கு அரசுதான் பொறுப்பு என்பது நிலத்துக்கு மட்டுமான விதியாக இருக்கக் கூடாது.

இந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லும்போது அரசு மலர்களிலும் மேடைகளிலும் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில உண்டு. முதலாவது, பெயர். 1945 டிசம்பரில் சாம் நத்தானியேல் முன்னின்று நாகர்கோவிலில் தொடங்கிய அமைப்பின் பெயர் அகில திருவிதாங்கூர் தமிழர் காங்கிரஸ். 1946 நடுவில்தான் அது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமான பிறகு பெயரில் கொச்சியும் ஏறியது. சென்னையில் காமராசர் தலைமையில் இருந்த தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி முற்றிலும் வேறு. நூலகப் பட்டியலில் "தமிழ்நாடு காங்கிரஸ்" என்று மட்டும் எழுதி வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். மூன்று பெயர்களையும் தனித்தனித் தலைப்பாகக் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் "காண்க" என்று குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது, எல்லாம் ஒருவரே செய்தார் என்ற எழுத்து. 1947 செப்டம்பரில் நாகர்கோவில் ஆலன் நினைவு மண்டபத்தில் நேசமணி கூட்டிய கூட்டத்துக்குப் பிறகுதான் வழக்கறிஞர்களின் பலம் கட்சிக்கு வந்தது. அதற்கு முன்பே கட்சி இருந்தது. நேசமணியின் பங்கு மிகப் பெரியது. அதை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் நத்தானியேல், பி.எஸ்.மணி, தாணுலிங்க நாடார், அப்துல் ரசாக், சிதம்பரநாதன், குஞ்சன் நாடார், பொன்னப்ப நாடார் என்று நீளும் வரிசை இல்லாமல் அந்த இயக்கம் நடந்திருக்காது. இவர்களில் சிலர் ஒருவரோடொருவர் கடுமையாக மோதியவர்கள். 1950இல் கட்சி பிளவுபட்டே நின்றது. தாணுலிங்க நாடார் பின்னாளில் இந்து முன்னணியின் தலைவரானார். இன்றைய அரசியலை வைத்து ஒரு பெயரைத் தூக்குவதும் இன்னொன்றை விட்டுவிடுவதும் ஆவணக் காப்பகத்தின் வேலையல்ல. பிளவுக் காலத்து அறிக்கைகளை இரு தரப்பிலிருந்தும் சேர்க்க வேண்டும். குடும்பத்தார் கொடுக்கத் தயங்குவது இவற்றைத்தான். கட்சியின் உள்வாழ்வு தெரிவதும் இவற்றில்தான்.

மூன்றாவது, "ஒன்பது கேட்டு ஐந்து பெற்றோம்" என்ற வாசகம். கேட்டது ஒன்பது தாலுகா என்பது சரி: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். கிடைத்தது இவற்றில் முதல் நான்கு முழுத் தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும். செங்கோட்டைத் தாலுகாவின் மலைப்பக்கம், ஆரியங்காவும் அச்சன்கோவிலும் உட்பட, கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று கொடுத்த அறிக்கை செங்கோட்டையைச் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. தாலுகாவைப் பிரித்தது அதற்குப் பின் நடந்தது. இந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதுதான் வரலாறு. "ஐந்து" என்று எழுதும்போது அந்தக் கேள்வியே மறைந்துபோகிறது. பாடநூலிலும் நினைவுப் பலகைகளிலும் "நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும்" என்ற அளவிலாவது திருத்த வேண்டும்.

நான்காவது, இது பிரிவினைக் கட்சி என்றோ, ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தின் தெற்குக் கிளை என்றோ எழுதுவது. தமிழரசுக் கழகம் துணை நின்றது, மேடை தந்தது. ஆனால் இது தன் காலில் நின்று தேர்தல் கண்ட கட்சி. 1948இல் திருவிதாங்கூர் பேரவையில் 14 இடம். 1952இல் 108 பேர் கொண்ட திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்தில் 8 இடம். கூடவே நாகர்கோவில் மக்களவைத் தொகுதியும் நேசமணிக்குக் கிடைத்தது. 1954இல் 117 பேர் அவையில் 12 இடம். சின்னக் கட்சிதான். ஆனால் 1952இல் ஏ.ஜே.ஜான் அமைச்சரவை நின்றது இந்த எட்டுப் பேர் தோளில். 1953இல் அவர்கள் விலகியதும் அது விழுந்தது. மாவட்ட அளவில் ஒரு கட்சி எத்தனை சிறிதாக இருந்தாலும், எந்தக் கணக்கில் யாருடைய ஆட்சியைத் தாங்கினோம், எப்போது கையை எடுத்தோம் என்ற விவரம் அதன் கடிதங்களில் இருக்கும். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் வெளிப்பேச்சு மட்டுமே கிடைக்கும்.

இனி, காகிதங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதற்கு வருகிறோம். 1956க்கு முந்தைய தலைமைச் செயலகம், உள்துறை, காவல் தலைமையகக் கோப்புகள் திருவனந்தபுரத்தில் உருவானவை. கேரள மாநில ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டியவை. பேரவை, சட்டமன்ற நடவடிக்கைகளுக்குக் கேரளச் சட்டமன்ற நூலகம். சீரமைப்பு ஆணையத்துக்குக் கொடுக்கப்பட்ட மனுக்களும் உள்துறை அமைச்சகக் கோப்புகளும் தில்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பு. 1955 டிசம்பரில் மக்களவையில் ஆணைய அறிக்கை மீது நடந்த விவாதம் அச்சிலேயே இருக்கிறது. சென்னை அரசு இதைப் பற்றி எழுதிய குறிப்புகள் எழும்பூரில் உங்கள் கட்டடத்திலேயே இருக்க வேண்டும். இத்தனை இடத்துக்கும் தனி ஆய்வாளர் ஒருவர் சொந்தச் செலவில் அலைய முடியாது. அலைந்தாலும் ஒவ்வொரு இடத்திலும் சில நாள்தான் உட்கார முடியும். அரசுக்கு அரசு ஒரு கடிதம் எழுதி, 1945 முதல் 1956 வரையிலான கோப்புகளின் பட்டியலையும் மின்படிகளையும் கேட்பது உங்களால் மட்டுமே ஆகும். முதலில் பட்டியலைக் கேளுங்கள். நேரே "எல்லாக் கோப்பும்" என்று கேட்டால் கடிதம் மேசையிலேயே தங்கிவிடும். ஆண்டு, துறை, தாலுகா என்று மூன்று குறிப்போடு கேட்டால் தேடுகிறவருக்கும் எளிது.

உங்கள் கைக்கு எட்டிய தூரத்திலேயே ஒரு சுரங்கம் இருக்கிறது. அதை யாரும் ஆவணமாக நினைப்பதில்லை. எல்லைக் காவலர்கள் எனப்படும் எல்லைப் போராட்டக்காரர்களுக்கான மாத உதவித்தொகை விண்ணப்பங்களைத்தான் சொல்கிறோம். உதவித்தொகை கேட்டவர் தான் சிறையிருந்ததற்கோ போராட்டத்தில் நின்றதற்கோ சான்று வைத்திருப்பார். எந்த ஊர், எந்த நாள், யாருடன் என்று எழுதியிருப்பார். தலைவர்களின் நூல்களில் பெயர் வராத தொண்டர்கள், கூலித் தொழிலாளர்கள், பனையேறிகள், பெண்கள் இந்தக் கோப்புகளில்தான் இருப்பார்கள். பயனாளி இறந்ததும் கோப்பு "முடிந்தது" என்று கட்டப்படும். காலக்கெடு தீர்ந்ததும் கழிவுக்குப் போகும். தமிழ் வளர்ச்சித் துறை முதலில் செய்ய வேண்டியது இந்தக் கோப்புகளை அழிக்கக் கூடாது என்று ஒரு வரி ஆணை இடுவதுதான். அதற்கு நிதி வேண்டாம், குழு வேண்டாம்.

அடுத்தது நாளிதழ்கள். தமிழ்ப் பகுதிகளின் குரலாக இருக்கவே தினமலர் 1951 செப்டம்பர் 6 அன்று திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. 1957இல்தான் திருநெல்வேலிக்கு இடம் மாறியது. அந்தத் திருவனந்தபுரக் காலத்தில் இணைப்பு நாள் வரை சுமார் 1,880 நாள். நாளுக்கு நான்கு பக்கம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 7,500 பக்கம். இந்தக் கட்சி எந்த ஊரில் எந்த மாலை கூட்டம் போட்டது, யார் தலைமை என்பதற்கு இதைவிட நெருக்கமான தொடர் பதிவு கிடைப்பது அரிது. செய்தித்தாள் மரக்கூழில் செய்தது; அதிலுள்ள அமிலமே அதை உள்ளிருந்து தின்னும். மடிப்புக் கோட்டில் முதலில் உடையும். மடித்து மடித்துக் கொடுத்தால் தேதிக்கோடு இருக்கும் தலைப்பகுதிதான் முதலில் போகும். தேதி போன தாளுக்குப் பாதி மதிப்புகூட இல்லை.

வீடுகளில் இருப்பவற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அழிவு வேகமாக நடப்பது அங்கேதான். ஒரு கட்சி நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தாள், ஒரு பக்கம் அச்சு, நடுவில் இரண்டு மடிப்பு. மேலே கட்சியின் பெயர். அந்தப் பெயரைக் கொண்டே தாள் எந்தக் காலத்தது என்று பாதி சொல்லிவிடலாம். நடுவில் கூட்டத்தின் நாளும் கிழமையும். பல நேரம் ஆண்டு இருக்காது, ஏனென்றால் அடுத்த வாரக் கூட்டத்துக்கு ஆண்டு எதற்கு? நாளையும் கிழமையையும் பஞ்சாங்கத்தில் பொருத்தினால் 1945க்கும் 1956க்கும் இடையில் ஒன்றிரண்டு ஆண்டுகளே மிஞ்சும்; பெயரோடு சேர்த்தால் பல நேரம் ஒன்றாகிவிடும். அடியில் மிகச் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும். இந்தக் கடைசி வரியைத்தான் பெரும்பாலோர் படியெடுக்கும்போது வெட்டிவிடுகிறார்கள். நோட்டீஸ் எங்கே அடிக்கப்பட்டது என்பது ஊர்வலத்துக்குத் தடை இருந்த நாள்களில் தனிச் செய்தி. பின்பக்கத்தில் பென்சிலில் யாரோ பெயர்களும் தொகையும் எழுதியிருக்கலாம். அது வசூல் கணக்கு. பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் ஸ்கேன் செய்யுங்கள்; வெறுமை என்பதும் பதிவுதான்.

செய்யக் கூடாதவை: கிழிசலில் செலோடேப் ஒட்டுவது, லேமினேஷன் செய்வது, குண்டூசியையும் ஸ்டேப்பிளையும் அப்படியே விடுவது, வெயிலில் காயவைப்பது. டேப்பின் பசை சில ஆண்டில் தாளுக்குள் இறங்கிப் பழுப்புப் பட்டையாகும். பிறகு எழுத்தோடு சேர்ந்துதான் உரியும். லேமினேஷன் சூட்டில் ஒட்டுவதால் திரும்பப் பிரிக்கவே முடியாது, அமிலமும் உள்ளே சிறைப்படும். பாசத்தோடு பாதுகாத்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் இதைச் செய்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லாமல், இனிச் செய்ய வேண்டாம் என்று மாவட்ட நூலகம் ஒரு பக்கத் துண்டறிக்கை கொடுத்தால் போதும். குமரியின் கடற்காற்றில் இரும்பு சீக்கிரம் துருவேறும். ஊசி குத்திய இடத்தைச் சுற்றித் தாள் பொடியாகும். ஊசியை மழுங்கிய கத்தியால் மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, சேர்ந்திருந்த தாள்களை ஓர் அமிலமற்ற தாளுக்குள் மடித்து வைக்க வேண்டும். கிழிசலை ஒட்ட மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாப் பசையும் போதும். தேவைப்பட்டால் தண்ணீரில் பிரித்தெடுக்கலாம். கடித உறையை எறியக் கூடாது. கடிதத்தில் தேதி இல்லாதபோது அஞ்சல் முத்திரைதான் சாட்சி.

படியெடுக்கும் அளவு: எழுத்துத் தாள் அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்தி, புகைப்படமும் பென்சில் குறிப்பும் 600. கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் வண்ணத்தில் எடுங்கள். மை வேறுபாடு வைத்துத்தான் பின்னால் சேர்த்த வரிகளைப் பிரித்தறிய முடியும். 400இல் எடுத்த ஒரு ஏ4 பக்கம் சுருக்கப்படாத டிஃப் (TIFF) படக் கோப்பாகச் சுமார் 46 எம்.பி. வரும். அதாவது ஒரு டெராபைட் வட்டில் ஏறத்தாழ 21,000 பக்கம். மூன்று படி, அதில் ஒன்று வேறு ஊரில் என்று வைத்தாலும் வட்டுச் செலவு பெரிதல்ல. செலவெல்லாம் ஆள் நேரத்தில். தலைப்பும் தேதியும் இல்லாமல் அவசரத்தில் குவிக்கும் ஆயிரம் படங்கள் பரணில் கிடக்கும் கட்டைவிட மேலானவை அல்ல. ஒரு நாள் ஸ்கேன் என்றால் ஒரு நாள் விவரப் பதிவு என்று முதலிலேயே கணக்கிடுங்கள். தமிழ் எழுத்துணரி மென்பொருள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ளை, றா, னா வடிவங்களில் தடுமாறும். ஊர்ப்பெயர்களையும் ஆள்பெயர்களையும் மட்டுமாவது கையால் தட்டச்சு செய்தால் தேடல் நடக்கும்.

காப்புரிமை என்று சொல்லித் தயங்க வேண்டாம். பெயரில்லாமல் வந்த நோட்டீஸ்களுக்கும் புகைப்படங்களுக்கும் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான்; அப்படி 1956 வரை வெளியானவை எல்லாம் இப்போது பொதுவுடைமை. ஆசிரியர் பெயர் உள்ளவற்றுக்கு அவர் மறைவிலிருந்து 60 ஆண்டு. நேசமணி 1968 ஜூன் 1 அன்று மறைந்தார். அவர் பெயரில் வெளியானவற்றை 2028 முடியும் வரை குடும்பத்தாரின் இசைவோடு வெளியிட வேண்டும். பாதுகாத்து வைக்கும் வேலையை இதற்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

தேதிகளில் ஒரு பொறி இருக்கிறது. தெற்கே அன்று பத்திரங்களிலும் போலீஸ் பதிவுகளிலும் வீட்டுக் கணக்குகளிலும் கொல்லம் ஆண்டு புழங்கியது. கொல்லம் ஆண்டு ஆவணியில், மலையாளத்தில் சிங்ஙத்தில், பிறக்கும். ஆகவே ஆவணி முதல் டிசம்பர் முடியும் வரை 824ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆடி முடியும் வரை 825. 1954 ஆகஸ்ட் 11 என்பது 1129 ஆடிக் கடைசி. இன்னும் சில நாளில் 1130 பிறக்கும். கண்ணை மூடிக்கொண்டு 824 கூட்டியவர் அதை 1953 என்று எழுதிவிடுவார். 1948 பிப்ரவரி 8 அன்று நடந்த மாங்காட்டுத் துப்பாக்கிச் சூடு 1123 தை. 824 கூட்டினால் 1947 ஆகிவிடும், சுதந்திர ஆண்டோடு குழம்பும். மூலத்தில் உள்ள தேதியை அப்படியே ஒரு கட்டத்திலும், மாற்றிய தேதியைப் பக்கத்துக் கட்டத்திலும் எழுதுவது ஒன்றே வழி. ஊர்ப்பெயருக்கும் இதே முறை. மார்த்தாண்டத்தைத் தொடுவெட்டி என்று சொன்ன காலம் அது. பழைய தாளில் தொடுவெட்டி என்றிருந்தால் அதைத் "திருத்தி" மார்த்தாண்டம் ஆக்காமல் இரண்டையும் பதியுங்கள். கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழைய பத்திரங்களும் அலுவலகப் பதிவுகளும் மலையாளத்தில் இருக்கும். பழைய மலையாளக் கையெழுத்தைச் சரளமாக வாசிப்பவர்கள் எல்லை ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். அவர்களில் இரண்டு பேருக்கு மதிப்பூதியம் கொடுத்து இந்த வேலையில் அமர்த்தாவிட்டால் மற்ற எல்லாமே அரைகுறையாகும்.

எங்கள் மனத்தை மிகவும் உறுத்துவது, சுடப்பட்டு இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல். 1954 ஆகஸ்ட் 11ஐ விடுதலை நாள் என்று கட்சி கடைப்பிடித்தது. பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் ஆட்சி. புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டது. தன் கட்சி ஆட்சியே மக்களைச் சுட்டதற்காக ராம் மனோகர் லோகியா முதலமைச்சரைப் பதவி விலகச் சொன்னார். அந்தத் தகராறில் அகில இந்தியக் கட்சியே உடைந்தது. தில்லி வரை அதிர்ந்த நிகழ்ச்சி அது. ஆனால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் நூலுக்கு நூல் எண் மாறுகிறது. காரணம் பொய் அல்ல, எண்ணும் முறை. அன்றே விழுந்தவரை மட்டும் எண்ணியது ஒன்று. மருத்துவமனையில் பிறகு இறந்தவரையும் சேர்த்தது இன்னொன்று. சிறையில் இறந்தவர்களையும், 1948 மாங்காட்டில் இறந்தவர்களையும் சேர்த்து "மொத்தத் தியாகிகள்" என்று எழுதியது வேறொன்று. ஒரே ஆள் ஒரு பட்டியலில் திருமுழுக்குப் பெயரிலும் இன்னொன்றில் வீட்டுப்பெயரிலும் இருந்து, சேர்க்கும்போது இரண்டு பேராகிவிடுகிறார். பிறந்த ஊரைப் போட்டது ஒரு பட்டியல், சுடப்பட்ட இடத்தைப் போட்டது மற்றொன்று.

இதற்கு ஒரு பதிவேடு போதும். ஆளுக்கு ஒரு வரி: பெயர், வேறு வழங்குபெயர்கள், தந்தை பெயர், ஊர், பகுதி, வயது, தொழில், சுடப்பட்ட இடம், சுடப்பட்ட நாள், இறந்த இடம், இறந்த நாள், ஒவ்வொன்றுக்கும் எந்த ஆவணம் சான்று. சான்று இல்லாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஊகத்தால் நிரப்ப வேண்டாம். நிரப்ப உதவுபவை காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனைப் பதிவு, பிரேதப் பரிசோதனைக் குறிப்பு, நீதி விசாரணையின் சாட்சியங்கள், ஆலயங்களின் அடக்கப் பதிவேடு, பஞ்சாயத்துப் பிறப்பு இறப்புப் பதிவு. அடக்கப் பதிவேட்டை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பெயர், வயது, நாள், சில நேரம் காரணம்கூட ஒரே வரியில் எழுதப்பட்டிருப்பது அதில்தான். ஆயரகங்களுக்கும் சபை அலுவலகங்களுக்கும் ஆட்சியர் ஒரு வேண்டுகோள் விடுத்தால் கதவு திறக்கும்.

நேரில் கண்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1954இல் 18 வயதாக இருந்தவருக்கு இப்போது 90ஐ ஒட்டிய வயது. ஆகவே ஸ்கேனுக்கு முன்னால் குரல் பதிவு. ஒரு முறைக்கு ஒரு மணி நேரம், இரண்டு முறை, இடையில் ஒரு வாரம். முதல் நாள் வந்த பதிலை இரண்டாம் நாள் வேறு வழியில் கேட்டால் நினைவு தானாகவே திருத்திக்கொள்ளும். "எத்தனை மணிக்குச் சுட்டார்கள்?" என்று கேட்டால் புத்தகத்தில் படித்தது வரும். "அன்று காலை வீட்டில் யார் யார் இருந்தார்கள், மழை இருந்ததா, எந்த வழியாகப் போனீர்கள்?" என்று கேட்டால் கண்டது வரும். கண்டதையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். தலைவர்கள் வீட்டு வாசலோடு நிற்காமல், பேரணிக்குக் கஞ்சி காய்ச்சிய வீடுகளுக்கும் போக வேண்டும்.

தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கட்சியின் பெரிய தோல்வி அங்கேதான். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக இருந்தும் அந்த இரண்டும் கிடைக்கவில்லை. அவர்கள் வந்து போகும் தோட்டக் கூலிகள், நிலையான குடிகள் அல்லர் என்ற வாதத்துக்கு ஆணையம் எடை கொடுத்தது. நிலப் பட்டா இல்லை, சொந்த வீடு இல்லை, கம்பெனி லயத்தில் (வரிசை வீட்டில்) குடியிருப்பு என்றால் "நிலையான குடி" என்று காட்ட எந்தக் காகிதமும் இல்லை. எங்கள் கணிப்பில், தெற்குத் தாலுகாக்களில் வழக்கறிஞர், ஆசிரியர், நிலவுடைமையாளர் கையில் ஓர் அமைப்பு ஊன்றியிருந்தது போல மலையில் ஊன்றவில்லை. 1954 ஜூலையில் நேசமணி, ரசாக், சிதம்பரநாதன் மூவரும் மூணாறில் தடையை மீறிக் கைதானபோது காலம் கடந்திருந்தது. இந்த இழப்புக்குக் காமராசர் சொன்னதாக ஒரு வாசகத்தை மேடைதோறும் சொல்கிறார்கள். அதை எப்போது, எங்கே, எந்தத் தாளில் என்று நாளிட்ட சான்றோடு காட்டினால் ஒழிய அரசு வெளியீடுகளில் சேர்க்க வேண்டாம். கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்ததும் உண்மையான காரணங்களைத் தேடுவது நின்றுவிடுகிறது. தோட்டங்களின் பழைய ஆள்பதிவுகளும் தொழிற்சங்கத் தாள்களும்தான் இங்கே தேட வேண்டியவை.

இது பழங்கதை ஆர்வம் என்று நினைத்துவிட வேண்டாம். கேரளத்திலிருந்து வரும் நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியது. 2004இல் நின்ற தண்ணீருக்காகத் தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றம் போனது. அந்தத் திட்டம் இரு பகுதியும் ஒரே மாநிலமாக இருந்த நாளில் உருவானது. அப்போது என்ன பேசப்பட்டது, யார் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்பது அதே திருவனந்தபுரக் கோப்புகளிலும் அதே உறுப்பினர்களின் பேச்சுகளிலும் கிடக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை குமரி மண்ணில் இருந்தும் கேரளத்தின் பொறுப்பில் இருப்பது எந்த ஏற்பாட்டால் என்று மாணவர் கேட்டால், மூல ஆவணத்தைக் காட்ட மாவட்டத்தில் ஓர் இடம் வேண்டும்.

நாங்கள் கேட்பது புதுக் கட்டடம் அல்ல. நாகர்கோவில் மாவட்ட நூலகத்திலோ நேசமணி மண்டபத்திலோ ஓர் அறை, ஈரம் 50 விழுக்காட்டை ஒட்டி நிற்க ஓர் ஈரமுறிஞ்சி, மேலிருந்து படமெடுக்கும் ஒரு ஸ்கேனர், தமிழும் மலையாளமும் படிக்கும் இரண்டு பேர், ஆவணப் பயிற்சி பெற்ற ஒருவர், மூன்று ஆண்டு. மூலத்தைக் கொடுக்க மனமில்லாத குடும்பத்திடம் இரவல் வாங்கிப் படியெடுத்து, எண்ணிப் பார்த்து, ரசீதோடு திருப்பிக் கொடுக்கும் முறை இருக்க வேண்டும். ரசீதில் தாள்களின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றின் முதல் வரியும் இருக்கட்டும். "ஒரு கட்டு" என்று எழுதிக் கொடுத்து வாங்கிய கட்டுகள் திரும்பி வராத அனுபவம் பல வீடுகளில் உண்டு. அந்தக் கசப்பைத் துடைப்பது ரசீதில்தான் தொடங்கும். முடிந்த படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஏற்றினால் மூணாற்றிலிருந்தும் பாறசாலையிலிருந்தும்கூடப் பார்க்கலாம்.

வரிசை இதுவாக இருக்கட்டும்: இந்த வாரம் உதவித்தொகைக் கோப்புகளுக்கு அழிப்புத் தடை ஆணை, இந்த மாதம் 85 வயதைத் தாண்டிய சாட்சிகளின் பட்டியலும் குரல் பதிவும், அதே நேரத்தில் கேரள ஆவணக் காப்பகத்துக்குப் பட்டியல் கோரும் கடிதம், பிறகு அறையும் ஸ்கேனரும். பெயர்ப் பதிவேட்டின் முதல் வரைவு வரும் ஆகஸ்ட் 11க்குள் புதுக்கடையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும், பக்கத்தில் ஒரு பேனாவும் திருத்தம் எழுத வெற்றுத் தாள்களும் கட்டி.

இப்படிக்கு,
குமரி மாவட்ட வரலாற்றைப் படித்தும் எழுதியும் வருவோர்